‘ரகசியம்’ என்று ஒரு வரியில் பதில் வந்தால் மடித்து வைத்துவிடாதீர்கள்

மறுபடியும் ஒருவர். சிறு உற்பத்தியாளர் சங்கம் ஒன்றின் செயலாளர். பேச்சுவார்த்தையில் இருக்கும் ஒரு தடையற்ற வர்த்தக ஒப்பந்தத்தில் தங்கள் பொருளுக்குச் சுங்க வரி குறையுமா, அரசு யாரிடமெல்லாம் கருத்துக் கேட்டது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் (ஆர்டிஐ) மனு போட்டிருக்கிறார். வந்த பதில்: ‘கோரிய தகவல் பிரிவு 8(1)(ஏ)-இன் கீழ் விலக்கு பெற்றது.’ அவ்வளவுதான். அதை ஃபைலில் செருகிவிட்டுச் சில மாதம் கழித்து என்னிடம் வருகிறார். முதல் மேல்முறையீடு செய்ய, அந்தப் பதில் கிடைத்த நாளிலிருந்து 30 நாள்தான் அவகாசம். தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் ஏற்கலாம் என்று சட்டத்தில் இருக்கிறது. ‘ரகசியம்னு சொல்லிட்டாங்க சார், அதான் விட்டுட்டேன்’ என்பது தக்க காரணம் இல்லை.

சார், விடக்கூடாது. நாடு நாடாகப் பேசும் விஷயம், அதனால் அந்த ஃபைல் முழுக்க ரகசியம் என்று நீங்களே முடிவுகட்டிவிடுகிறீர்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 8(1)(ஏ) விலக்குவது, வெளியிட்டால் நாட்டின் பொருளாதார நலனையோ வெளிநாட்டுடனான உறவையோ பாதிக்கக்கூடிய தகவலை. எந்தத் தாள், எப்படிப் பாதிக்கும் என்று மனுவுக்குப் பதில் தரும் அலுவலர்தான் காட்ட வேண்டும். மறுப்புக்குக் காரணம் சொல்வது பிரிவு 7(8)-இன்படி அவர் கடமை. மேல்முறையீட்டில் மறுப்பை நியாயப்படுத்தும் பொறுப்பும் பிரிவு 19(5)-இன்படி அவருடையதே. பிரிவு எண்ணை மட்டும் எழுதி அனுப்புவது காரணம் ஆகாது.

8(1)(எஃப்) இன்னும் வேடிக்கை. வெளிநாட்டு அரசிடமிருந்து நம்பிக்கையின் பேரில் பெற்ற தகவலுக்கு மட்டும்தான் அது பொருந்தும். நம் அதிகாரிகள் எழுதிய குறிப்பு, நம் ஊர்த் தொழில் அமைப்புகள் கொடுத்த மனு, கூட்டத்துக்கு வந்தவர்கள் பட்டியல் இவையெல்லாம் வெளிநாட்டு அரசு கொடுத்தவையா என்ன? ஆனாலும் கண்ணை மூடிக்கொண்டு அந்தப் பிரிவைப் போடுவார்கள், நாமும் தலையாட்டுவோம்.

உண்மையிலேயே கிடைக்காதவையும் உண்டு. பேச்சு நடக்கும்போது நம் அரசு கடைசியாக எந்த வரி விகிதம் வரை இறங்கி வரும் என்று கேட்டால் தரமாட்டார்கள், தரவும் கூடாது. சந்தையில் பேரம் பேசும்போது பையில் எவ்வளவு இருக்கிறது என்று யாரும் சொல்வதில்லை. வெளிநாட்டிலும் இது சுலபமில்லை. இந்தியாவுடனான ஒப்பந்தப் பேச்சு பற்றித் தொழில் அமைப்புகளுக்குக் கொடுத்த ஆவணங்களை ஐரோப்பிய ஆணையம் ஒரு தன்னார்வ அமைப்புக்கு முழுதாகத் தர மறுத்தது. அந்த அமைப்பு நீதிமன்றம் போய் 2013-இல் தோற்றது, மேல்முறையீட்டிலும் 2015-இல் தோற்றது.

ஆகவே, கேட்கிற விதம் முக்கியம். ‘ஒப்பந்தம் தொடர்பான அனைத்து ஆவணங்களையும் தரவும்’ என்று தயவுசெய்து எழுதாதீர்கள். மொத்தமாக மறுக்க அதைவிட வசதியான வாசகம் கிடையாது. கருத்துக் கேட்புக் கூட்டங்களின் தேதி, அழைக்கப்பட்ட அமைப்புகளின் பெயர், அவை எழுத்தில் கொடுத்த கருத்துகளின் நகல், ஆய்வு நடத்தியிருந்தால் அதன் அறிக்கை என்று தனித்தனியாகக் கேளுங்கள். ‘ஏதேனும் பகுதி விலக்குக்கு உட்பட்டால் பிரிவு 10-இன்படி அதை நீக்கி மீதியைத் தரவும்’ என்ற வரி ஒவ்வொரு மனுவிலும் இருக்கட்டும். பொதுநலன் பெரிதென்றால் விலக்கு பெற்ற தகவலையும் தரலாம் என்கிறது 8(2). மனு போடக் காரணம் சொல்லத் தேவையில்லைதான், ஆனால் மேல்முறையீட்டில் இந்தப் பிரிவைப் பிடிக்க வேண்டுமானால் யாருக்கு என்ன பாதிப்பு என்று எழுதியே ஆக வேண்டும். (தொழில் அமைப்புகளின் கருத்தைக் கேட்டால் ஆட்சேபம் உண்டா என்று அவற்றுக்கு மூன்றாம் தரப்பு நோட்டீஸ் போகும், உங்களுக்குப் பதில் தரும் கெடு 30 நாளிலிருந்து 40 ஆகலாம். பதறாதீர்கள்.)

அப்புறம், மனுவே தேவைப்படாத இடங்கள். கையெழுத்தான ஒப்பந்தத்தின் நகலை ஆர்டிஐயில் கேட்டு மாதக்கணக்கில் காத்திருப்பவர்களைப் பார்த்தால் எனக்குத் தலைவலி வருகிறது. 2022-இல் அமீரகத்துடனும் ஆஸ்திரேலியாவுடனும் போட்ட ஒப்பந்தங்கள் மத்திய வர்த்தகத் துறையின் தளத்திலேயே இருக்கின்றன. முதல் அத்தியாயத்தோடு நிறுத்திவிடாமல் இணைப்புகளைத் திறந்து உங்கள் பொருளின் எச்எஸ் குறியீட்டை (சுங்கத்துக்காகப் பொருள்களை வகைப்படுத்தும் எண்) தேடுங்கள்; வரி எவ்வளவு, எந்த ஆண்டில் குறைகிறது என்பது அங்கேதான் இருக்கும். எதிர்த்தரப்பின் தளத்தையும் பாருங்கள். 2022-இல் இந்தியாவுடன் பேச்சு மறுபடி தொடங்கியபோது ஐரோப்பிய ஒன்றியம் தன் தரப்பு வரைவுகளை வெளியிட்டது. நம் அலுவலகம் ரகசியம் என்று சொல்வதில் ஒரு பகுதி அங்கே எல்லோரும் படிக்கக் கிடக்கலாம். மேல்முறையீட்டில் அதன் நகலை இணைத்துப் பாருங்கள், வாதத்தின் தொனியே மாறிவிடும்.

அமைச்சரவைக் குறிப்புகளை விலக்கும் 8(1)(ஐ)-க்கும் ஒரு எல்லை உண்டு. முடிவெடுத்து விஷயம் முடிந்தபின் அந்த முடிவும் அதற்கான காரணங்களும் வெளியிடப்பட வேண்டும், வேறு விலக்கு குறுக்கே வராவிட்டால். பேச்சு நடந்தபோது மறுக்கப்பட்டவர்கள் கையெழுத்தான பிறகு அதே கேள்வியை மறுபடி கேட்கலாம். மனுக் கட்டணம் பத்து ரூபாய்தான்.

முதல் மேல்முறையீட்டுக்கு மத்திய அலுவலகங்களில் கட்டணமே இல்லை. அதிலும் மறுத்தால் 90 நாளுக்குள் மத்தியத் தகவல் ஆணையம். தபாலில் பதில் வந்தால் உறையைத் தூக்கிப் போடாமல் கடிதத்தோடு பின் அடித்து வையுங்கள். கடிதத்தில் போட்டிருக்கும் தேதி ஒன்று, கைக்கு வந்த தேதி வேறொன்று. 30 நாளை எண்ண வேண்டியது கைக்கு வந்த தேதியிலிருந்து.