காலியா இருக்கிற பெட்டு யாருக்கு?

போன வருஷம் சித்தப்பாவுக்கு ஹெர்னியா ஆபரேஷன்னு குடியாத்தத்துல இருந்து முதல் பஸ்ஸ புடிச்சு வேலூர்ல ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனோம், கவுண்டர்ல "பெட்டு இல்லீங்க, வியாழக்கிழமை வாங்க"ன்னுட்டாங்க, சித்தப்பா வார்டுப் பக்கம் எட்டிப் பாத்துட்டு வந்து "இன்னாடா, மூணு பெட்டு காலியா கீது, இல்லன்றாங்க"ன்னு ஒரே கோவம். எனக்கும்தான். அப்புறம் படிச்சப்பதான் வெவரம் புரிஞ்சுது.

100 பெட்டு இருக்கு, ஒருத்தர் சராசரியா 5 நாள் தங்குறாருன்னா நாளைக்கு 20 பேரத்தான் சேக்க முடியும். 1961ல ஜான் லிட்டில்னு ஒரு அமெரிக்கப் பேராசிரியர் நிரூபிச்ச விதி இது. ஆனா இந்த சராசரி இருக்கே, அத நம்பி மோசம் போகக்கூடாது. பெங்களூர் ஹைவேல ஆக்சிடென்ட் டோக்கன் வாங்கிகினு வராது, இன்னிக்கு எமர்ஜென்சில 4 பேரு, நாளைக்கு 11 பேரு, அஞ்சு நாள்ல போவாருன்னு நெனச்சவருக்குக் காய்ச்சல் வந்து ஒம்போது நாளாயிடும்.

பள்ளிகொண்டா டோல்கேட்ட நெனச்சுக்கோங்க. எப்ப வரும், எவ்ளோ நேரம் எடுக்கும்னு தெரியாத வண்டி, ஒரே கவுண்டர். அது 80 சதவீத நேரம் பிஸின்னா சராசரியா 4 வண்டி நிக்கும், 90னா 9, 95னா 19. கடைசி அஞ்சு சதவீதத்துல க்யூ ரெண்டு மடங்குக்கு மேல போயிடுது பாருங்க! ஆஸ்பத்திரி ஒத்த கவுண்டர் இல்லதான், ஆனா சுபாவம் அதேதான். 1999ல பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல வந்த கம்ப்யூட்டர் மாடல்ல, பெட்டு 85 சதவீதத்துக்கு மேல ரொம்பினா எமர்ஜென்சி ஆளுக்கு இடமில்லாம போற ஆபத்து தெரிய ஆரம்பிக்குது, 90ஐத் தாண்டினா அடிக்கடி திண்டாட்டம்னு வந்துச்சு. அந்த மூணு பெட்டு ராத்திரி ஆம்புலன்ஸ்ல வரப்போறவங்களுக்கு.

இதுல வேடிக்கை, பல எடத்துல எமர்ஜென்சியவிட தேதி குடுத்து வரவழைக்கிற ஆபரேஷன் எண்ணிக்கைதான் அதிகமா ஏறி எறங்குது. திங்கள், செவ்வாய்ல பெரிய ஆபரேஷனெல்லாம் குவிச்சா புதன்கிழமை ஐசியூ முட்டும், ஞாயித்துக்கிழமை ஈ ஓட்டும். விபத்த யாரும் தள்ளிப்போட முடியாது, ஆனா ஆபரேஷன் லிஸ்ட்ட வாரம் பூரா பரப்பிப் போடலாமே, அதுக்கு டாக்டருங்க ஒத்துக்கணும், அது தனிக் கதை.

இன்னொண்ணு டிஸ்சார்ஜ் நேரம். புது ஆளு காலைல வந்துடுவாரு, பழைய ஆளு சாயங்காலம்தான் கெளம்புவாரு, நடுவுல ஒரே பெட்டுக்கு ரெண்டு பேரு.

சித்தப்பாவுக்கு சொன்ன மாதிரி வியாழக்கிழமை பெட்டு கெடச்சுது. வீட்டுக்குப் போலாம்னு காலைல பத்து மணிக்கே சொல்லிட்டாங்க, இன்சூரன்ஸ், பில்லு, மாத்திரைன்னு நான் மாடிக்கும் கீழுக்கும் ஓட, அவரு அஞ்சரை வரைக்கும் அதே பெட்டுல கால நீட்டி டீ குடிச்சுகினு இருந்தாரு. வெளிய பெஞ்சுல ஒருத்தர் பையோட உக்காந்து எங்களயே மொறச்சுகினு இருந்தாரு.