எழுத்து மாறவில்லை, புள்ளி மாறியது: கரும்புத் தோட்டமும் பார்க்கின்சன் நோயும்

இந்தியப் பெருங்கடலிலுள்ள பிரெஞ்சுத் தீவான ரியூனியனின் கிழக்குக் கரையில் சேன்-ஆந்த்ரே நகரைச் சுற்றியுள்ள கரும்புத் தோட்டங்களில் என் பெரியப்பா 30 ஆண்டுகள் வேலை செய்தார். முதுகில் தெளிப்பான் தொட்டியைச் சுமந்து, முகத்தில் ஒரு கைக்குட்டையை மட்டும் கட்டிக்கொண்டு, வரிசை வரிசையாகக் களைக்கொல்லி அடிப்பது அவருடைய வேலைகளில் ஒன்று. 2011இல் ஓய்வு பெற்றார். ஒன்பது ஆண்டுகள் கழித்து அவருடைய வலக்கைக் கட்டைவிரலும் சுட்டுவிரலும், மாத்திரை உருட்டுவதுபோல, சும்மா இருக்கும்போதே ஆடத் தொடங்கின. அதற்கும் முன்பே கோவில் கணக்கு நோட்டில் அவருடைய கையெழுத்து வரவரச் சிறுத்துக்கொண்டு வந்ததை நாங்கள் கவனித்திருந்தோம். அதுவும் இந்த நோயின் அறிகுறி என்று எங்களுக்கு அப்போது தெரியாது. நரம்பியல் மருத்துவர் பார்க்கின்சன் நோய் என்று சொல்லிவிட்டு, குடும்பத்தில் வேறு யாருக்காவது உண்டா என்று கேட்டார். யாருக்கும் இல்லை. “அப்படியென்றால் இது எங்கேயிருந்து வந்தது?” என்று வீடு திரும்பும் வழியில் பெரியப்பா என்னைக் கேட்டார். அவருக்குச் சொல்ல வேண்டிய பதிலைத் தேடிப் படித்ததே இந்தக் கட்டுரை.

நம் மூளையின் அடித்தண்டில், கருமையான நிறமி படிந்த ஒரு சிறு பகுதி இருக்கிறது. அங்குள்ள நரம்பு செல்கள் டோபமின் என்னும் வேதிப்பொருளைச் சுரந்து, உடலசைவுகள் தடையின்றி நடக்க உதவுகின்றன. பார்க்கின்சன் நோயில் இந்தச் செல்கள் ஒவ்வொன்றாக மடிகின்றன. நடுக்கம், விறைப்பு, நடை தளர்தல் ஆகியவை கண்ணுக்குத் தெரியும் நேரத்தில் அவற்றில் பெரும்பகுதி ஏற்கெனவே போய்விட்டிருக்கும். மடியும் செல்களுக்குள் ஆல்ஃபா-சைனூக்ளின் என்னும் புரதம் கட்டி கட்டியாகத் திரண்டு கிடக்கும். ஜேம்ஸ் பார்க்கின்சன் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1817இல் இந்நோயை விவரித்தார். குறிப்பிட்ட ஒரு மரபணுப் பிழையால் நேரடியாக இந்நோய் வருவோர் சிறுபான்மையினரே.

சூழலிலுள்ள ஒரு நஞ்சு தனியாகவே இந்தச் செல்களைக் கொல்ல முடியும் என்பது 1982இல் ஒரு துயரத்தின் வழியாக வெளிப்பட்டது. கலிஃபோர்னியாவில் கள்ளத்தனமாகத் தயாரித்த ஒரு போதைப்பொருளை ஊசியில் ஏற்றிக்கொண்ட இளைஞர்கள் சிலர், சில நாட்களுக்குள் முதியவர்களைப்போல் விறைத்து உறைந்துபோனார்கள். அந்தப் போதைப்பொருளில் எம்.பி.டி.பி. என்னும் மாசு கலந்திருந்ததை வில்லியம் லாங்ஸ்டன் குழுவினர் கண்டறிந்தனர். மூளைக்குள் அது வேறொரு பொருளாக மாறுகிறது. அந்தப் பொருள் டோபமினைப்போல் பாசாங்கு செய்து, டோபமின் நுழையும் வாசல் வழியாகவே செல்லுக்குள் புகுந்து, செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவில் நடக்கும் வேதிச்சங்கிலியின் முதல் கண்ணியை அடைத்துவிடுகிறது. மாறிய அந்தப் பொருள் ஒரு காலத்தில் களைக்கொல்லியாகச் சோதிக்கப்பட்டது என்பதைப் படித்தபோது நான் திடுக்கிட்டேன். தோட்டங்களில் உலகெங்கும் தெளிக்கப்பட்ட பாராக்வாட் என்னும் களைக்கொல்லி, வடிவத்தில் அதற்கு நெருங்கிய உறவு. ஆனால் பாராக்வாட் செல்லைத் தாக்கும் வழி வேறு: அது ஆக்சிஜனைத் தீவிர மூலக்கூறுகளாக மாற்றிக்கொண்டே இருக்கிறது, அவை செல்லை உள்ளிருந்து அரிக்கின்றன. சில வகைக் கொடிகளின் வேரிலிருந்து எடுக்கப்படும் ரொட்டினோன் என்னும் பூச்சிக்கொல்லியோ மைட்டோகாண்ட்ரியாவின் அதே முதல் கண்ணியைத்தான் அடைக்கிறது. அமெரிக்க விவசாயக் குடும்பங்களிடையே நடத்தி 2011இல் வெளியிடப்பட்ட ஆய்வில், இவ்விரண்டில் ஒன்றைக் கையாண்டவர்களுக்கு இந்நோய் வரும் வாய்ப்பு, கையாளாதவர்களைவிட ஏறத்தாழ 2.5 மடங்கு இருந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில், ஆகவே ரியூனியனிலும், பாராக்வாட்டுக்கான அனுமதி 2007இல் ரத்தானது.

எங்கள் வீட்டுக் கொல்லைகளில் காய்க்கும் முள் சீத்தாவைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். நாங்கள் கொரோசோல் என்போம். பழத்தைச் சாறாகவும், இலையைக் கஷாயமாகவும் குடிப்பவர்கள் பலர். பிரான்சின் மற்றொரு தீவான குவாதலூப்பில், வழக்கமான மருந்துக்குக் கட்டுப்படாத ஒருவகை நடுக்குவாதம் மிகுதியாக இருப்பதும், அந்நோயாளிகள் கொரோசோல் பழத்தையும் இலைக் கஷாயத்தையும் அதிகம் உட்கொள்பவர்கள் என்பதும் 1999இல் வெளியாயின. அப்பழத்திலுள்ள அனோனாசின் என்னும் பொருள், ரொட்டினோன் தாக்கும் அதே கண்ணியை அடைப்பது. எப்போதாவது ஒரு பழம் தின்பதற்கு அஞ்ச வேண்டியதில்லை. தினமும் இலைக் கஷாயம் குடிப்பதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

நஞ்சு செல்லைக் கொல்கிறது என்றால் அன்றே கொல்ல வேண்டாமா? வேலையை விட்டு ஒன்பது ஆண்டு கழித்து ஏன் விரல் ஆடுகிறது? செல்கள் சிறிது சிறிதாக மடிவதே முதற்காரணம். அதற்கு மேலும் ஒரு காரணத்தை எபிஜெனெடிக்ஸ் என்னும் துறை காட்டுகிறது. தமிழ் எழுதத் தெரிந்தவர்களுக்கு அதை விளக்குவது எளிது. ‘க’ என்ற எழுத்தின் மேல் ஒரு புள்ளி வைத்தால் ‘க்’ ஆகிறது. எழுத்தின் உருவம் மாறவில்லை, ஆனால் அதனுள் இருந்த உயிரோசை அடங்கிவிட்டது. டி.என்.ஏ.வின் எழுத்துகள் மேலும் செல் இப்படித்தான் புள்ளி வைக்கிறது. மெத்தில் என்னும் சிறு வேதிக்குழுதான் அந்தப் புள்ளி. ஒரு மரபணுவின் தொடக்கப் பகுதியில் அது நிறைய விழுந்தால், பெரும்பாலும் அந்த மரபணுவின் குரல் அடங்கும். புள்ளி அழிந்தால் குரல் உயரும். இன்னொரு முறையும் உண்டு. டி.என்.ஏ. இழை ஹிஸ்டோன் என்னும் புரத உருண்டைகளில் சுற்றப்பட்டிருக்கிறது. இறுக்கிக் கட்டிய ஓலைச்சுவடியைப் படிக்க முடியாது, கயிற்றைத் தளர்த்தினால்தான் படிக்கலாம் என்பதுபோல, ஹிஸ்டோனில் அசிட்டைல் குழுக்கள் ஏறும்போது கட்டுத் தளர்கிறது. ஆய்வுக்கூடத்தில் டோபமின் செல்களைப் பாராக்வாட்டுக்கு உட்படுத்தியபோது இந்த அசிட்டைல் ஏற்றம் கூடியது.

எந்தக் குரல் உயர்ந்தால் ஆபத்து? ஆல்ஃபா-சைனூக்ளினைத் தயாரிக்கும் மரபணுவின் குரல்தான். இம்மரபணு எழுத்துப் பிழை எதுவுமின்றி, வழக்கமான இரண்டுக்குப் பதில் நான்கு பிரதிகளாக இருந்த ஒரு அமெரிக்கக் குடும்பத்தில் இளவயதிலேயே பார்க்கின்சன் நோய் வந்தது 2003இல் தெரியவந்தது. புரதம் கெட்டுப்போக வேண்டியதில்லை, அளவு மிஞ்சினாலே போதும் என்பதை அக்குடும்பம் காட்டியது. இந்நோயால் இறந்தவர்களின் மூளையை 2010இல் ஆராய்ந்தவர்கள், அந்த மரபணுவின் தொடக்கப் பகுதியில் புள்ளிகள் குறைந்திருப்பதைக் கண்டார்கள். மறு ஆண்டு வெளியான ஆய்வு இன்னும் கவலை தருவது: புள்ளி வைக்கும் நொதியை ஆல்ஃபா-சைனூக்ளினே பற்றிக்கொண்டு, செல்லின் கருவுக்கு வெளியே நிறுத்திவைக்கிறது. நொதி உள்ளே வராவிட்டால் புள்ளி குறையும். புள்ளி குறைந்தால் புரதம் பெருகும். பெருகிய புரதம் இன்னும் நொதியைப் பிடித்துவைக்கும். இப்படிப்பட்ட சுழல் ஒருமுறை சுற்றத் தொடங்கினால், தொடக்கி வைத்த நஞ்சு தோட்டத்திலிருந்து போன பிறகும் அது தானாகச் சுற்றக்கூடியது.

இந்தப் புள்ளிகளைக் கொண்டு ரத்தப் பரிசோதனையிலேயே நோயைக் கண்டுபிடிக்கலாமே என்று தோன்றும். அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. நோயாளிகள் உட்கொள்ளும் லெவோடோபா மருந்தின் அளவு கூடக் கூட, ரத்த செல்களில் இதே மரபணுவின் புள்ளிகளும் கூடியிருந்ததை 2015இல் வெளியான ஆய்வு காட்டியது. ரத்தத்தில் காண்பது நோயின் தடமா, மருந்தின் தடமா என்று பிரித்தறிந்தே பேச வேண்டும்.

பெரியப்பாவின் கேள்விக்கு நான் முதலில் சொன்னது இரட்டையர்களின் கதையை. அமெரிக்காவில் இரண்டாம் உலகப் போரில் பணியாற்றிய ஏறத்தாழ 20,000 ஆண் இரட்டையர்களை ஆராய்ந்து 1999இல் வெளியிட்டார்கள். 50 வயதுக்குப் பின் நோய் வந்தவர்களிடையே, மரபணு முழுக்க ஒத்த இரட்டையர்கள் இருவருக்கும் சேர்ந்து நோய் வருவது, மற்ற இரட்டையர்களைவிட மிகுந்திருக்கவில்லை. 50 வயதுக்கு முன் வந்தால் மரபணுவின் கை ஓங்கியிருந்தது. பெரியப்பாவுக்கு வந்தது 67 வயதில்.

பிரெஞ்சு அரசு 2012இல், பூச்சிக்கொல்லிகளைக் கையாண்டவர்களுக்கு வரும் பார்க்கின்சன் நோயை விவசாயத் தொழில்சார் நோய்களின் பட்டியலில் 58ஆவது அட்டவணையாகச் சேர்த்தது. களைக்கொல்லியும் அதில் அடங்கும். குறைந்தது 10 ஆண்டுகள் கையாண்டிருக்க வேண்டும். கையாள்வதை நிறுத்தி ஓர் ஆண்டுக்குள் நோய் வெளிப்பட்டிருக்க வேண்டும் என்றிருந்த விதியை 2020இல் 7 ஆண்டுகளாக நீட்டித்தார்கள். அந்த நீட்டிப்பை மனதார வரவேற்கிறேன். ஆயினும் பல ஆண்டுகள் அடங்கியிருந்து வெளிவரும் ஒரு நோய்க்கு அதுவும் குறுகிய எல்லைதான். பெரியப்பாவுக்கு இரண்டு ஆண்டுகள் தவறிவிட்டன. அட்டவணைக்கு வெளியே நிற்பவர்களின் கோரிக்கையை மருத்துவர்கள் அடங்கிய குழு தனியாக ஆராயும் வழி இருக்கிறது. அதற்கு எந்த ஆண்டு, எந்தத் தோட்டம், எந்தக் களைக்கொல்லி என்ற விவரம் தேவை. அவருடைய பழைய சம்பளச் சீட்டுகளைப் பிரித்துவைத்துக்கொண்டு, அவர் சொல்லச் சொல்ல, 1981இலிருந்து ஒவ்வோர் ஆண்டாக எழுதிவருகிறேன். இப்போது 1994 வரை வந்திருக்கிறோம்.