மொஹிட்டோ பிழிந்த கையோடு வெயிலில் நிற்காதீர்கள்

கோடை விடுமுறை தொடங்கிவிட்டால் போதும், என் கிளினிக்கில் ஒரு குறிப்பிட்ட வகைத் தழும்பு வரிசையாக வர ஆரம்பித்துவிடும். புறங்கையில் பழுப்பும் கறுப்புமாகத் திட்டுத் திட்டாக இருக்கும். மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை ஏதோ வழிந்தோடிய தடம் போல நீளக் கோடு இருக்கும். சிலருக்கு உதட்டோரத்தில் தொடங்கித் தாடைவரை இறங்கியிருக்கும். சீக்கிரம் வருபவர்கள் கொப்புளத்தோடு வருவார்கள். எண்ணெய் தெறித்ததா என்றால் இல்லை. பூச்சி ஏதாவது கடித்ததா என்றால் தெரியாது. "ரெண்டு மூணு நாளைக்கு முன்னாடி வெயில்ல வெச்சு எலுமிச்சை பிழிஞ்சீங்களா?" என்று கேட்டால் ஒரு நிமிடம் யோசிப்பார்கள். அப்புறம், "ஆமா டாக்டர், மொட்டை மாடியில மொஹிட்டோ போட்டோம்" என்பார்கள். மொஹிட்டோ என்பது எலுமிச்சை, புதினா, சர்க்கரை, சோடாவோடு ரம் கலந்து செய்யும் பானம்; ரம் சேர்க்காமல் செய்தால் விர்ஜின் மொஹிட்டோ.

இந்தக் கட்டுரையை எழுத வைத்தது போன வாரம் வந்த ஓர் ஐந்து வயதுப் பெண் குழந்தை. மேல்கையிலும் முதுகிலும் நான்கு விரல்களின் தடம், யாரோ ஓங்கி அடித்தது போலத் தெளிவாகப் பதிந்திருந்தது. கோடை வகுப்பு ஆசிரியை குழந்தையைத் தனியாகக் கூப்பிட்டு, "யாரும்மா அடிச்சாங்க?" என்று விசாரித்திருக்கிறார். அவர் கேட்டது சரிதான், கேட்கத்தான் வேண்டும். ஆனால் அந்த ஒரு கேள்விக்குப் பிறகு வீட்டில் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. பாட்டி மருமகளைச் சந்தேகப்படுகிறார், அப்பா வீட்டு வேலைக்கு வரும் அம்மாவைச் சந்தேகப்படுகிறார். நான் குழந்தையைப் பார்த்து முடித்துவிட்டு, அவளைப் பெற்ற அம்மாவின் கையைக் காட்டச் சொன்னேன். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் சிவந்து, சின்னச் சின்னக் கொப்புளங்கள் இருந்தன. அடுக்குமாடிக் குடியிருப்பின் நீச்சல் குளத்தருகே பிறந்தநாள் விழா. பிள்ளைகளுக்கு விர்ஜின் மொஹிட்டோ செய்ய ஒரு கூடை எலுமிச்சையை அவரே நறுக்கிப் பிழிந்திருக்கிறார். அந்த ஈரக் கையோடு குழந்தையைத் தண்ணீரிலிருந்து தூக்கிவிட்டிருக்கிறார். குழந்தை மதியம்வரை வெயிலில் விளையாடியிருக்கிறாள். அடித்தவர் யாருமே இல்லை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ரம் கலந்த மொஹிட்டோ செய்தவர்கள் என்னிடம் அதைச் சொல்லத் தயங்குகிறார்கள். ஆல்கஹால் தோலைச் சுட்டுவிட்டது, டாக்டர் திட்டுவார் என்று நினைப்பு. விர்ஜின் மொஹிட்டோ செய்தவர்களோ, "அதுல ஒண்ணுமே கலக்கல டாக்டர், வெறும் எலுமிச்சையும் புதினாவும்தான்" என்று நிம்மதியாகச் சொல்கிறார்கள். இரண்டிலும் சிக்கல் ஒரே இடத்தில்தான். ரம் இதைச் செய்வதில்லை. புதினா செய்வதில்லை, சர்க்கரையோ சோடாவோ செய்வதில்லை. எலுமிச்சைதான் செய்கிறது, அதுவும் முக்கியமாக அதன் தோல். தோலில் இருக்கும் எண்ணெயில் ஃபியூரானோகூமரின் என்ற வேதிப்பொருள் சாற்றில் இருப்பதைவிடப் பல மடங்கு அதிகம். அது நம் சருமத்தில் பட்டு, அதன்மேல் வெயிலில் உள்ள யூவிஏ என்ற புற ஊதாக் கதிர் விழுந்தால் அந்த இடம் வெந்துபோகும். ஃபைட்டோஃபோட்டோடெர்மடைட்டிஸ் என்பது இதன் பெயர். மெக்சிகோவின் மார்கரிட்டா என்ற மதுபானத்திலும் எலுமிச்சை உண்டு என்பதால், மேல்நாடுகளில் இதை மார்கரிட்டா பர்ன் என்றும் சொல்வார்கள். பியர் பாட்டிலின் வாயில் எலுமிச்சைத் துண்டைச் செருகிக் கடற்கரையில் உட்கார்ந்து குடிப்பவர்களுக்கும் இதே கதைதான். வெளிநாட்டு லைமுக்குத்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். நம் சந்தையில் விற்கும் சின்ன உருண்டை எலுமிச்சையும் அந்த லைம் வகைதான்.

சரி, என்னை மிகவும் சோர்வடைய வைக்கும் விஷயத்துக்கு வருகிறேன். வருகிற பத்துப் பேரில் ஒன்பது பேர் நாற்காலியில் உட்காரும்போதே "அலர்ஜி டாக்டர்" என்று சொல்லிக்கொண்டுதான் உட்காருகிறார்கள். மருந்துக் கடையில் அலர்ஜி என்று சொல்லி மாத்திரை வாங்கி ஒரு வாரம் சாப்பிட்டிருப்பார்கள். வீட்டில் கத்தரிக்காய், கருவாடு, இறால், முட்டை எல்லாம் நிறுத்தப்பட்டிருக்கும். புதினாத் துவையல் போச்சு. சில வீடுகளில் இந்த அக்கினி வெயிலில் குழந்தைக்கு எலுமிச்சை ஜூஸ் கொடுப்பதையே நிறுத்திவிடுகிறார்கள். இன்னும் சிலர் ஆயிரக்கணக்கில் செலவழித்து ரத்தப் பரிசோதனை செய்து, எது எதற்கெல்லாம் அலர்ஜி என்று ஒரு நீளப் பட்டியலோடு வருகிறார்கள். அந்தப் பட்டியலுக்கும் இந்தத் தழும்புக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

இது அலர்ஜி இல்லை. அலர்ஜி என்றால் உடம்பின் எதிர்ப்புச் சக்தி ஒரு பொருளை ஏற்கெனவே அறிந்துவைத்து, அடுத்த முறை அதைக் கண்டதும் பொங்கி எழ வேண்டும். அது சிலருக்கு வரும், சிலருக்கு வராது. பொதுவாக நன்றாக அரிக்கும், பட்ட இடத்தைத் தாண்டியும் பரவும். இங்கே அப்படி எதுவும் கிடையாது. வாழ்க்கையில் முதல் முறையாக எலுமிச்சையைத் தொடுபவருக்கும் வரும். அரிப்பைவிட எரிச்சல்தான் அதிகம். சாறு எங்கே பட்டதோ அங்கேதான் வரும், அந்தக் கோட்டைத் தாண்டாது. கொதிக்கிற எண்ணெய்க்கு யாருக்கும் அலர்ஜி கிடையாது, ஆனால் பட்டால் எல்லோருக்கும் சுடும், இதுவும் அப்படித்தான். எலுமிச்சைச் சாதம் சாப்பிடலாம், ஊறுகாய் சாப்பிடலாம், ஜூஸ் தாராளமாகக் குடிக்கலாம். வயிற்றுக்குள் போன எலுமிச்சையால் இந்தத் தழும்பு வரவில்லை. கையில் பட்டதால் வந்தது. தயவுசெய்து குழந்தையின் சாப்பாட்டில் கை வைக்காதீர்கள்.

"இருபது வருஷமா எலுமிச்சை பிழியறேன், எனக்கு ஒண்ணும் ஆனதில்லையே" என்று மாமியார்கள் வாதாடுவார்கள். இருபது வருடமும் அடுப்படியில் நின்று பிழிந்திருப்பீர்கள் அம்மா, அங்கே வெயில் இல்லை. அதே கையோடு மத்தியான வெயிலில் வடாம் காயவைக்கப் போயிருந்தால் தெரிந்திருக்கும். வெயிலில் தள்ளுவண்டி போட்டு ஜூஸ் விற்பவர்களின் விரல் இடுக்குகளைக் கவனித்துப் பாருங்கள், கறுத்துத் தடித்திருக்கும். கடற்கரை விடுதிகளில் பானம் கலக்குபவர்களுக்கு இதுவே தொழில் தந்த நோய்.

வேதிப்பொருள் என்றதும், "இயற்கையானதுதானே, என்ன செய்துவிடும்?" என்று கேட்கிறவர்களும் உண்டு. தோல் மருத்துவர்களாகிய நாங்கள் இதே ஃபியூரானோகூமரின் குடும்பத்தைச் சேர்ந்த சோராலென் என்ற பொருளைத்தான் மருந்தாகக் கொடுக்கிறோம். வெண்புள்ளிக்கு நாட்டு மருத்துவத்தில் காலங்காலமாகப் பயன்படும் கார்போக அரிசியில் அதுதான் இருக்கிறது. எகிப்தில் அதே வேலைக்குப் பயன்பட்ட ஒரு களைச்செடியின் விதையிலிருந்து எடுத்த மருந்தை, 1940களின் இறுதியில் எல் மோஃப்தி என்ற மருத்துவர் வெண்புள்ளி நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். 1974ல் அமெரிக்க மருத்துவர்கள் அந்த மருந்தோடு யூவிஏ விளக்கையும் சேர்த்து சொரியாசிஸ் என்ற தோல் நோய்க்குப் பயன்படுத்தினார்கள். பூவா சிகிச்சை என்று இன்றும் பெயர். அந்தச் சிகிச்சையில் எவ்வளவு வெளிச்சம் என்பதை நோயாளியின் நிறம் பார்த்து, அளந்து, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூட்டுவோம். மாத்திரை சாப்பிட்ட பிறகு கண்ணுக்குத் தனிக் கண்ணாடி போடச் சொல்வோம், வெயிலில் போகாதே என்று எச்சரிப்போம். அளவு தவறினால் தோல் வெந்துவிடும் என்பது எங்களுக்குத் தெரியும். நீங்களோ அளவே இல்லாமல் கை முழுக்கப் பூசிக்கொண்டு ஈசிஆர் கடற்கரையில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

பட்ட உடனே எதுவும் தெரியாது என்பதுதான் இதன் பெரிய தொல்லை. சாதாரணமாக ஒரு நாள் கழித்துத்தான் சிவக்கத் தொடங்கும். இரண்டாம், மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போகும், சிலருக்குக் கொப்புளம் கட்டும். பிறகு கறுக்கும். நம் மாநிறத்தில் பலருக்குச் சிவப்பு கண்ணிலேயே படாது, நேராகக் கறுப்பைத்தான் பார்ப்போம். அதற்குள் விருந்து மறந்துபோயிருக்கும், எலுமிச்சை நினைவுக்கே வராது. கறுப்பு மறைய வாரங்கள் ஆகும், பலருக்கு மாதங்கள் ஆகும்.

மொஹிட்டோ செய்ய வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கியூபாவிலிருந்து வந்த நல்ல பானம் அது, வெயில் காலத்துக்கு ஏற்றது. எங்கே நின்று செய்கிறீர்கள், எப்படிச் செய்கிறீர்கள் என்பதுதான் என் கவலை. வீடியோக்களில் காட்டும் முறையைப் பாருங்கள். எலுமிச்சையைத் தோலோடு நாலைந்து துண்டாக நறுக்கி, புதினாவும் சர்க்கரையும் போட்டு டம்ளருக்குள்ளேயே நசுக்குகிறார்கள். தோல் எண்ணெய் முழுக்க வெளியே வருவது அங்கேதான். டம்ளர் விளிம்பு, கரண்டி, மேஜை, கை எல்லாவற்றிலும் அது ஒட்டும். குடிப்பவர் வாயோரத்திலும் ஒட்டும். அதைவிடச் சாற்றை மட்டும் தனியாகப் பிழிந்து சேர்ப்பது நல்லது. சர்வதேச பார்டெண்டர் சங்கத்தின் செய்முறையும் அப்படித்தான் இருக்கிறது: வெள்ளை ரம் 45 மில்லி, புதிதாகப் பிழிந்த சாறு 20 மில்லி, சர்க்கரை 2 தேக்கரண்டி, புதினா 6 கொத்து, மேலே சோடா. விர்ஜின் வேண்டுமென்றால் ரம்மை விட்டுவிட்டு சோடாவைக் கூட்டிக்கொள்ளுங்கள். சாற்றையும் ஒரு தேக்கரண்டி கூட்டினால் சப்பென்று இருக்காது. புதினாவைச் சட்னிக்கு அரைப்பது போல இடிக்கக் கூடாது, கசந்துவிடும். சர்க்கரையோடு சேர்த்து மரக்கரண்டியின் பின்பக்கத்தால் லேசாக அழுத்தினால் போதும், வாசனை வந்துவிடும். ஐஸ் கடைசியில். அலங்காரத்துக்கு எலுமிச்சை வில்லை செருகுவதை, குழந்தைகளின் டம்ளரிலாவது தவிர்த்துவிடுங்கள். அவர்கள் அதை எடுத்துச் சப்பிவிட்டு அதே கையால் முகத்தைத் துடைத்துக்கொள்வார்கள்.

பிழிகிற வேலையை வீட்டுக்குள், சமையலறையில் முடித்துவிடுங்கள். விருந்துக்கு முந்தின இரவே பிழிந்து பாட்டிலில் ஊற்றி ஃபிரிட்ஜில் வைத்துக்கொள்ளலாம். நிறையப் பழம் இருந்தால் பிழிப்பானும் கையுறையும் எடுத்துக்கொள்ளுங்கள், கூச்சப்பட வேண்டாம். முடித்ததும் சோப்பு போட்டு முழங்கைவரை கழுவ வேண்டும். வெறும் தண்ணீரில் அலசினால் எலுமிச்சைத் தோலின் எண்ணெய் போகாது. டிஷ்யூவால் துடைத்துக்கொள்வதும் கழுவுவது ஆகாது. விரல் இடுக்கு, நகக்கண், மோதிரத்துக்கு அடியில் எல்லாம் தேய்த்துக் கழுவுங்கள். அதற்கு முன்னால் குழந்தையைத் தூக்காதீர்கள், முகத்தைத் தொடாதீர்கள். வெளியே வைத்துத்தான் குடிக்கப் போகிறீர்கள் என்றால், வாயையும் தாடையையும் கழுவிக்கொள்ளச் சோப்பும் தண்ணீரும் பக்கத்தில் இருக்கட்டும். நம் சருமம் ஈரமாக இருந்தால் இந்த வேதிப்பொருள் இன்னும் எளிதாக உள்ளே இறங்கும். நீச்சல் குளத்திலும் கடற்கரையிலும் விளைவு மோசமாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

சன்ஸ்க்ரீன் பூசியிருக்கிறோமே என்று தைரியமாக இருக்காதீர்கள். டியூபின்மேல் போட்டிருக்கும் எஸ்பிஎஃப் என்ற பாதுகாப்பு எண் பெரும்பாலும் யூவிபி என்ற வேறொரு வகைப் புற ஊதாக் கதிருக்கான கணக்கு. நமக்கு இங்கே எதிரி யூவிஏ. அதையும் தடுக்கும் சன்ஸ்க்ரீன் உதவும், ஆனால் கழுவுவதற்கு அது ஈடாகாது. மேகமாக இருக்கிறது என்பதும், கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறோம் என்பதும் சமாதானம் ஆகாது. சாதாரண ஜன்னல் கண்ணாடி வழியாக யூவிஏ நன்றாகவே வரும், கார்களின் பக்கவாட்டுக் கண்ணாடி பலவற்றிலும் அப்படித்தான். விருந்து முடிந்து கையைக் கழுவாமல் கார் ஓட்டி வந்தவர்களின் வலது கையில் மட்டும் தழும்பைப் பார்த்திருக்கிறேன்.

எலுமிச்சை மட்டும் இல்லை, அத்திச் செடியின் பால், செலரித் தண்டு, பெர்கமாட் என்ற எலுமிச்சை இனப் பழத்தின் எண்ணெய் சேர்த்த வாசனைத் திரவியம் இவையும் இந்த வேலையைச் செய்யும்.

ஏற்கெனவே வந்துவிட்டது என்றால் வெயிலிலிருந்து உள்ளே வந்து, அந்த இடத்தைச் சோப்பு போட்டுக் கழுவி, குளிர்ந்த தண்ணீரில் நனைத்த துணியை வையுங்கள். கொப்புளத்தை உடைக்காதீர்கள். பற்பசை, இங்க், மஞ்சள் எதையும் அப்பாதீர்கள். கொப்புளம் பெரிதாக இருந்தாலோ, முகத்திலோ கண்ணுக்குப் பக்கத்திலோ இருந்தாலோ, சின்னக் குழந்தையாக இருந்தாலோ அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். மருந்துக் கடையில் கேட்டு ஸ்டீராய்டு களிம்பை நீங்களாகவே வாங்கிப் பூசாதீர்கள், எத்தனை நாள் எவ்வளவு என்று சொல்லித்தான் நாங்கள் தருவோம். வரும்போது என்ன குடித்தீர்கள், எங்கே உட்கார்ந்திருந்தீர்கள் என்று மறைக்காமல் சொல்லுங்கள். ரம் குடித்ததற்காக நான் யாரையும் திட்டப்போவதில்லை.

கடைசியாக, கை கூப்பிக் கேட்டுக்கொள்வது ஒன்று. தழும்பு கறுத்துவிட்டதே என்று அதன்மேல் எலுமிச்சையைத் தேய்க்கிறீர்கள். எலுமிச்சை கறையைப் போக்கும், நிறம் கொடுக்கும் என்று யாரோ சொன்னதை நம்பித் தேய்த்துவிட்டு வெயிலில் போகிறீர்கள். போன மே மாதம் ஒரு கல்லூரி மாணவி உதட்டோரத்தில் ஒரு கோட்டோடு வந்திருக்க வேண்டியவள், அப்படித் தேய்த்து இரண்டு கன்னமும் வெந்துபோய் வந்தாள். அந்தக் கறுப்பை வரவழைத்ததே எலுமிச்சைதான். அதை மூடிவையுங்கள், வெளியே போகும்போது சன்ஸ்க்ரீன் பூசுங்கள், பொறுத்திருங்கள். பெரும்பாலும் தானாகவே மங்கிவிடும். மங்காவிட்டால் களிம்பு இருக்கிறது, நாங்கள் இருக்கிறோம்.