பேஸல், போலஸ் இன்சுலின்: சொல் விளக்கம்

மருந்துச் சீட்டில் இந்த இரண்டையும் பார்த்துவிட்டுக் கம்பெனிப் பெயர் என்று நினைப்பவர்கள் உண்டு. இவை ஊசியின் வேலையைச் சொல்லும் பெயர்கள்.

பேஸலுக்கு மூலம் ‘பாசிஸ்’ என்ற கிரேக்கச் சொல். பீடம், அடித்தளம் என்று பொருள். நாம் தூங்கும்போதும் கல்லீரல் ரத்தத்தில் சர்க்கரையை விட்டுக்கொண்டே இருக்கிறது. அதைச் சமாளிக்கக் கணையமும் இரவு பகலாகக் கொஞ்சம் கொஞ்சம் இன்சுலின் சுரக்கிறது. அந்த வேலையை ஏற்பதுதான் பேஸல் ஊசி. கிளார்ஜின் என்ற பேஸல் ஊசி ஏறக்குறைய 24 மணி நேரம் தாங்கும். தமிழில் ‘அடிப்படை இன்சுலின்’ என்றால் இது ஒன்றே போதும் என்று தோன்றிவிடும். ‘அடித்தள இன்சுலின்’ என்பதே மேல்.

போலஸ் கதை இன்னும் சுவையானது. கிரேக்கத்தில் ‘போலோஸ்’ என்றால் மண்ணாங்கட்டி! லத்தீன் வழியே மருத்துவத்துக்குள் வந்து பெரிய மாத்திரை உருண்டையைக் குறித்தது. மென்று விழுங்கத் தயாரான உணவு உருண்டையும் போலஸ்தான். அதற்குக் கவளம் என்று நம்மிடம் கச்சிதமான சொல் இருக்கிறது. சரி, ‘கவள இன்சுலின்’ என்றே வைத்துக்கொள்ளலாமா? அழகாகத்தான் இருக்கும். ஆனால் இன்று மருத்துவத்தில் போலஸ் என்றால் ஒரேயடியாகச் செலுத்தும் அளவு. ஏறிக் கிடக்கும் சர்க்கரையை இறக்கப் போடும் ஊசியும் போலஸ்தான். அங்கே கவளத்துக்கு வேலையே இல்லை. ஆகவே சாப்பாட்டுக்கானதை ‘உணவுவேளை இன்சுலின்’ என்றும், இறக்கப் போடுவதைத் ‘திருத்த அளவு’ என்றும் பிரித்துச் சொல்வதே தெளிவு. லிஸ்ப்ரோ, அஸ்பார்ட் போன்ற வேகமாக வேலை செய்யும் உணவுவேளை ஊசிகளைச் சாப்பாட்டுக்குச் சுமார் 15 நிமிடம் முன்பும், பழைய ரெகுலர் வகையை 30 நிமிடம் முன்பும் போடுவது வழக்கம். தட்டில் இட்லி இரண்டா நாலா என்பதைப் பொறுத்து அளவும் மாறும்.

விரத நாளில்தான் குழப்பம். “சாப்பிடவே இல்லையே, ஊசி எதுக்கு?” என்று இரண்டையும் நிறுத்திவிடுகிறார்கள். அந்தக் கணக்கு உணவுவேளை ஊசிக்கு மட்டுமே பொருந்தும். கல்லீரல் விரதம் இருப்பதில்லை. முதல் வகை (டைப் 1) நீரிழிவுக்காரர் அடித்தள ஊசியை நிறுத்தினால் ரத்தத்தில் கீட்டோன் அமிலம் ஏறி உயிருக்கே ஆபத்தாகலாம். குறைக்க வேண்டுமா, எவ்வளவு என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

30/70 கலவை ஊசி போடுபவர்களுக்கு இன்னொரு சிக்கல். அதில் 30 பங்கு வேகமாக வேலை செய்வது, 70 பங்கு மெதுவாகச் செய்வது. இரண்டும் ஒரே குப்பியில். ஒன்றை மட்டும் விட்டுவிட வழியில்லை என்பதால், விரதத்துக்குச் சில நாள் முன்பே இவர்கள் டாக்டரைப் பார்த்துவிடுவது நல்லது.