சான்சல்: கிராதிக்கு அந்தப் பக்கம்

கடன் வாங்கப் போனால் வங்கியில் ஒரு ‘கேன்சல் செக்’ கேட்பார்கள். காசோலையின் குறுக்கே இரண்டு கோடு இழுத்துக் கொடுத்துவிட்டு வருவோம். அந்தக் கேன்சலும், இங்கிலாந்தின் பழைய பங்குக் கோயில்களில் பலிபீடம் இருக்கும் பகுதிக்குப் பெயரான ‘சான்சல்’ என்பதும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்.

இடத்தை முதலில் பார்த்துவிடுவோம். அந்த ஊர்க் கிராமத்துக் கோயில் பெரும்பாலும் இரண்டு கூடங்கள். மேற்கே சனங்கள் உட்காரும் பெரிய கூடம், நேவ். கிழக்குக் கோடியில் அதைவிடச் சிறியதாக, கூரையும் தாழ்ந்து இருப்பது சான்சல். பலிபீடம், குருமார் உட்காரச் சுவரில் குடைந்த கல் இருக்கைகள், திருப்பாத்திரம் கழுவிய நீர் வடிய ஒரு சின்னக் கல்தொட்டி, இவையெல்லாம் இதற்குள்தான். இரண்டுக்கும் நடுவே ஒரு மரத்தடுப்பு. இடுப்பளவுவரை பலகை, அதற்கு மேல் உள்ளே பார்க்கும்படி சட்டமும் சித்திர வேலையும். நார்ஃபோக் மாவட்டத்து ரான்வொர்த் கோயிலில் 15ஆம் நூற்றாண்டுத் தடுப்பு ஒன்று, புனிதர்களின் வண்ணப் படங்களோடு இன்றும் நிற்கிறது.

இந்தத் தடுப்புதான் உள்ளே இருக்கும் இடத்துக்குப் பெயர் கொடுத்தது. லத்தீனில் ‘கான்கெல்லி’ என்றால் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிய சட்டம், அதாவது கிராதி. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது கிராதி போய், கிராதிக்கு அப்பால் உள்ள இடம் என்ற பொருள் நின்றுவிட்டது. வேலியின் பெயரைத் தோட்டத்துக்கு வைத்த மாதிரி.

வேலி என்றால் சண்டை வராமல் இருக்குமா? தடுப்பின் உச்சியில் பெரிய சிலுவையும், அதை ஒட்டி ஒரு பரணும் இருந்தன. சமயச் சீர்திருத்த காலத்தில் சிலுவைகள் இறக்கப்பட்டன. 1561இல் எலிசபெத் அரசியின் ஆணை பரணையும் அகற்றச் சொன்னது; ஆனால் தடுப்பு இருக்கட்டும் என்றது. அப்புறம் பலிபீடத்தைச் சுற்றிக் கம்பி வரிசை வேண்டும் என்று ஆயர்கள் பிடிவாதம் பிடித்தார்கள். நாரிச் ஆயர் மேத்யூ ரென் 1636இல் போட்ட கட்டளையில், ஏறக்குறைய ஒரு கஜ உயரத்தில், நாய் நுழைய முடியாதபடி நெருக்கமாகக் கால்கள் நட வேண்டும் என்று இருக்கிறது. (கோயிலுக்குள் நாய் வருவது அவ்வளவு சாதாரணம் போல.) ஐந்தே வருடத்தில், 1641இல், பாராளுமன்றத்தின் மக்களவை அந்தக் கம்பிகளைப் பிடுங்கச் சொன்னது.

அந்தக் காலத்தில் கிராதிக்கு இரு பக்கமும் செலவுக் கணக்கும் வேறாக இருந்தது. நேவைப் பழுதுபார்ப்பது ஊர்மக்கள் பொறுப்பு. சான்சல், தசமபாகம் (விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு) வாங்கும் குருவின் பொறுப்பு. பல ஊர்களில் அந்தத் தசமபாகம் மடங்களின் கையில் இருந்தது. எட்டாம் ஹென்றி மடங்களைக் கலைத்தபோது அந்த வருமானமும் மானிய நிலங்களும் தனியார் கைக்குப் போயின. கூடவே பழுதுபார்க்கும் கடமையும் போயிற்று. வார்விக்‌ஷயரில் ஆஸ்டன் கான்ட்லோ என்ற ஊரில் அப்படிப்பட்ட நிலம் வைத்திருந்த தம்பதிக்கு, சான்சலைச் சரிசெய்யச் சுமார் 95,000 பவுண்டு தரச் சொல்லி 1994இல் ஓலை வந்தது. வழக்கு, அப்போது உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் அவைவரை போய், 2003இல் அவர்கள் தோற்றார்கள்.

சரி, சொல்லுக்கு வருவோம். ரோமானிய நீதிமன்றத்தில் கிராதியருகே நின்று, உள்ளே விடுவதும் தடுப்பதுமாக இருந்த ஆள் ‘கான்கெல்லாரியுஸ்’. வாயில்காப்போன் என்று வையுங்கள். அவர் எழுத்தராகி, அரசனின் முத்திரை வைத்திருப்பவராகி, சான்சலர் ஆனார். நம் பல்கலைக்கழகங்களில் அவரை ‘வேந்தர்’ ஆக்கியிருக்கிறோம். உலகத்திலேயே பெரிய பதவி உயர்வு இதுதான் என்பது என் கட்சி. இங்கிலாந்தில் இன்றும் சான்சலில் ஒரு பழைய இருக்கையை நகர்த்தப் பொதுவாக மறைமாவட்ட சான்சலரின் அனுமதி வேண்டும். அவர் திருச்சபை நீதிபதி. அந்தக் கிராதிக்காரர் வேலையை விடவேயில்லை. செல்லாத பத்திரத்தின் மேல் எழுத்தர்கள் கிராதி மாதிரிக் குறுக்குக் கோடுகள் போட்டதால் பிறந்தது கேன்சல்.

தமிழில் என்ன சொல்வது? ‘கருவறை’ என்று சிலர் எழுதுகிறார்கள், எனக்கு உடன்பாடில்லை. சான்சலில் பாடகர் வரிசையும் உட்காரும்; கருவறையில் உட்காராது. ‘பீட முற்றம்’ என்ற கத்தோலிக்க வழக்கு பொருளுக்குப் பொருந்துகிறது. நான் அதையே எழுதுவேன். சொல்லின் வேரையும் காட்ட வேண்டுமென்றால் கிராதியைச் சேர்க்கலாம். ஆனால் கிராதியும் போர்த்துக்கேயர் கொடுத்துவிட்டுப் போனதுதான். சன்னல், சாவி, அலமாரியோடு வந்த ‘கிராதே’.

அதற்குத் தமிழில் சொந்தமாக ஒரு சொல் உண்டு: அழி. தென்மாவட்டத்து வீடுகளில் அழிக்கதவு, அழிக்கம்பி என்று கேட்டிருப்பீர்கள். லத்தீனில் கிராதியிலிருந்து ‘கோடிட்டு ரத்து செய்’ பிறந்தது. தமிழில் கிராதியும் அழி, இல்லாமல் ஆக்குவதும் அழி. வேர் ஒன்றல்ல, தற்செயல்தான். ஆனாலும் பலிபீடம் இருக்கும் இடத்துக்கு ‘அழியகம்’ என்று பெயர் வைத்தால் எந்தச் சபையும் ஒத்துக்கொள்ளாது.