யூ-டர்ன் எடுக்கும் ஆறு விநாடிகள்

நான்குவழிச் சாலையில் சென்டர் மீடியன் இடைவெளியில் நின்று கிளம்பும் ஒரு சிறிய கார், முழுதாகத் திரும்பி முடிக்க ஏறக்குறைய ஆறு விநாடி பிடிக்கும். அதன் திருப்பு ஆரம் 4.8 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், அரைவட்டம் அடிக்க 15 மீட்டர் ஓட வேண்டும். ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்த நிலையில் மணிக்கு 10 கி.மீ. வேகம்தான் நிதானமானது. அந்த ஆறு விநாடிக்குள், எதிர்ச்சாலையில் 80 கி.மீ. வேகத்தில் வரும் வண்டி 133 மீட்டர் வந்துவிடும்.

"தூரத்துலதான் வருது, போயிடலாம்" என்று நாம் முடிவெடுப்பது இந்த 133 மீட்டரைப் பற்றித்தான். அந்த முடிவை நம் கண்ணால் சரியாக எடுக்க முடிவதில்லை. ஓட்டுநரின் திறமைக் குறைவு இதற்குக் காரணமில்லை. கண்ணுக்கே உள்ள எல்லை அது.

குறுக்கே போகும் வண்டியின் வேகத்தைக் கண் எளிதாகப் பிடித்துவிடும். பின்னணியில் அது இடம் மாறுவது தெரிகிறது. நேராக நம்மை நோக்கி வரும் வண்டி இடம் மாறுவதே இல்லை. அதன் உருவம் பெரிதாகிக்கொண்டே வருவது ஒன்றுதான் தடயம். நம் கண்ணில் அந்த உருவம் பிடிக்கும் கோணம் பெரிதாகும் வேகம் விநாடிக்கு ஏறக்குறைய 0.003 ரேடியன், அதாவது 0.17 டிகிரி அளவை எட்டினால்தான் "வேகமாக வருகிறது" என்ற உணர்வு மூளையில் எழுகிறது. அதுவரை வண்டி அங்கேயே நிற்பதுபோல்தான் தோன்றும்.

இந்த அளவை வைத்துக் கணக்குப் போட்டால் கவலை தரும் ஒரு விடை வருகிறது. 2.5 மீட்டர் அகலமுள்ள லாரி 80 கி.மீ. வேகத்தில் வந்தால், சுமார் 136 மீட்டர் தூரத்திலேயே அதன் வேகம் நமக்கு உறைக்கத் தொடங்கும். நமக்குத் தேவையான 133 மீட்டருக்கு அது மட்டுமட்டாகச் சரியாக இருக்கிறது. அதே வேகத்தில் வரும் பைக்கின் அகலம் 0.8 மீட்டர்தான். அதன் வேகம் உறைப்பது 77 மீட்டர் நெருங்கிய பிறகு. அப்போது மிச்சமிருப்பது மூன்றரை விநாடி. நம் கார் பாதிச் சாலையை அடைத்துக்கொண்டு நிற்கும் நேரம் அது. மோதிய பிறகு "பைக் எங்கிருந்து வந்ததென்றே தெரியவில்லை" என்று சொல்லும் ஓட்டுநர் பொய் சொல்லாமலே அப்படிச் சொல்லக்கூடும். பைக்கை அவர் பார்த்தும் இருக்கலாம், அதன் வேகம்தான் அவருக்குத் தெரிந்திருக்காது.

இரவில் நிலைமை இன்னும் மோசம். காருக்கு இரண்டு விளக்கு; நெருங்க நெருங்க அவற்றின் இடைவெளி விரிவதாவது தெரியும். பைக்கின் ஒற்றை விளக்கில் அந்தத் தடயமும் இல்லை. ஒரு விளக்கு எரியாத லாரியும் தூரத்தில் பைக் போலவே தெரியும்.

சிலர் எதிரே ஒரு லேன் காலியாக இருந்தால் போதும் என்று நினைக்கிறார்கள். நம் சாலைகளில் ஒரு லேன் 3.5 மீட்டர் அகலம். மீடியனை ஒட்டி நிற்கும் காரின் இடது சக்கரம் மீடியன் விளிம்பிலிருந்து 2.5 மீட்டர் தள்ளியிருக்கும்; மீடியன் 1.2 மீட்டர் என்றால் சேர்த்து 3.7. திரும்பும் வட்டத்தின் விட்டமோ 9.6 மீட்டர். ஆக, கார் எதிர்ச்சாலைக்குள் 6 மீட்டர் வரை போய்த்தான் நிமிரும். அந்தச் சாலையின் அகலமே 7 மீட்டர்தான். முழுச் சாலையும் காலியாக இருந்தாலொழிய ஒரே மூச்சில் திரும்ப முடியாது. வட்டத்தைச் சுருக்க வழியில்லை. வேகத்தைக் கூட்டியும் தப்பிக்க முடியாது. வேகம் இரட்டிப்பானால் பக்கவாட்டு விசை நான்கு மடங்காகும். 20 கி.மீ. வேகத்தில் இதே வட்டத்தை அடித்தால், மழை நனைத்த சாலையில் டயர் வழுக்கிவிடலாம். மூன்று சக்கரத்தில் நிற்கும் ஆட்டோவோ கவிழ்ந்தே போகலாம்.

இன்னொரு ஆபத்து மரியாதையின் வடிவில் வருகிறது. எதிரே மீடியன் பக்க லேனில் வரும் பேருந்து நமக்காக நின்று வழிவிடுகிறது. நாமும் நன்றியோடு திரும்புகிறோம். பேருந்துக்கு இடப்பக்கம் வரும் டூவீலர்காரருக்கு நாம் தெரியமாட்டோம், நமக்கும் அவர் தெரியமாட்டார். பேருந்தின் மூக்கைத் தாண்டியதும் நின்று, அடுத்த லேனை எட்டிப் பார்த்த பிறகே நகர வேண்டும். ஹெட்லைட்டை அடித்துக் காட்டுவதையும் நம்பக் கூடாது. நம் சாலைகளில் அதற்குப் பெரும்பாலும் "நான் வருகிறேன், நில்" என்றுதான் பொருள். வழிவிடவும் சிலர் அதையே செய்கிறார்கள்.

நாம் வாகனத்தை இடப்புறம் ஓட்டுகிறவர்கள். ஸ்டீயரிங் வலப்பக்கம். மீடியன் இடைவெளியில் குறுக்காகத் திரும்பி நிற்கும்போது எதிர்ச்சாலை வண்டிகள் நம் இடப்பக்கத்திலிருந்து வரும். அந்தப் பக்கப் பார்வையை மறைப்பது முன்கண்ணாடியின் இடது தூணும், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் தலையும். "கொஞ்சம் பின்னால சாஞ்சுக்குங்க" என்று அவரிடம் கேட்பதில் எந்தச் சங்கடமும் வேண்டாம். ஓட்டுபவரும் தன் தலையை முன்னும் பின்னும் அசைத்துப் பார்க்க வேண்டும். தூணுக்குப் பின்னால் ஒரு பைக் முழுதாக ஒளிந்துகொள்ளும்.

முன்னால் இவ்வளவு என்றால், பின்னால் வேறொரு கணக்கு. வலது லேன் முந்திச் செல்பவர்களுக்கானது. நடுவே தடுப்புள்ள நான்குவழிச் சாலையில் கார்களுக்கு மத்திய அரசு 2018-இல் வைத்த உச்சவரம்பு 100 கி.மீ. அந்த வேகத்தில் வருபவர் தடையைக் கண்டு உணர்ந்து நிறுத்த 180 மீட்டர் வேண்டும் என்பது சாலைத் தரங்களை வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸ் வடிவமைப்புக்கு எடுத்துக்கொள்ளும் அளவு. அந்த லேனில்தான் நாம் வேகம் குறைத்து நிற்கிறோம். ஆகவே இண்டிகேட்டரை வெகு முன்பே போட வேண்டும், பிரேக்கைப் படிப்படியாக மிதித்துப் பின்விளக்கைக் காட்ட வேண்டும். இடது லேனிலிருந்து கடைசி நொடியில் கட் அடித்துத் திரும்புவது கொலைபாதகம். காத்திருக்கும்போது முன்சக்கரங்கள் நேராக இருக்கட்டும். வலப்பக்கம் ஒடித்து வைத்திருந்து யாராவது பின்னால் இடித்தால், கார் நேரே எதிர்ச்சாலைக்குள் தள்ளப்படும்.

பேருந்தோ லாரியோ திரும்பும்போது அதற்கும் மீடியனுக்கும் இடையே டூவீலரை நுழைக்காதீர்கள். பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்தில் வராது. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் 6 மீட்டர் இடைவெளி உள்ள பேருந்து 11 மீட்டர் ஆரத்தில் திரும்பினால், பின்சக்கரங்கள் ஏறக்குறைய 1.8 மீட்டர் உள்வாங்கி வரும். ஒரு பைக் நிற்கும் இடத்தைவிட அது அதிகம்.

சட்டம் சொல்வது சுருக்கமானது. 1989-இன் சாலை விதிகள், தடை செய்த இடத்திலும் போக்குவரத்து நெரிசலான சாலையிலும் யூ-டர்ன் கூடாது என்றன. அனுமதி உள்ள இடத்தில் வலப்பக்கம் திரும்பும் சைகை காட்டி, கண்ணாடியில் பின்னால் பார்த்து, பாதுகாப்பான போதே திரும்பச் சொல்லின. 2017-இல் புதிய ஒழுங்குமுறைகள் அவற்றின் இடத்துக்கு வந்தன. சட்டம் ஒருபுறமிருக்க, வளைவு, மேட்டின் உச்சி, பாலம், ரயில்வே கேட் ஆகியவற்றின் அருகே திரும்பாமலிருப்பதே நல்லது; காரணம் மேலே போட்ட கணக்குதான். 133 மீட்டர் தூரம் கண்ணுக்கே தெரியாத இடங்கள் அவை.

இவ்வளவு ஆபத்தென்றால் கோவையில் சிக்னல்களை எடுத்துவிட்டு யூ-டர்ன்களை வைத்தது ஏன் என்று கேட்கலாம். நான்கு சாலைகள் கூடும் சந்திப்பில் வாகனப் பாதைகள் மோதக்கூடிய புள்ளிகள் 32. அதில் 16 குறுக்கே வெட்டிக்கொள்பவை, உயிரைப் பறிப்பவை. நடுவே அடைத்து, சற்றுத் தள்ளித் திரும்ப வைத்தால் அந்தக் குறுக்குவெட்டுகள் மறைகின்றன. அமெரிக்காவின் மிச்சிகனில் 1960-களிலிருந்தே இதை ஒத்த ஒரு முறை இருக்கிறது. வேகம் குறைந்த நகரச் சாலையிலும், திரும்ப நிற்கும் வண்டிக்குத் தனி லேன் உள்ள இடத்திலும் இது நல்ல ஏற்பாடு என்றே நினைக்கிறேன். வேகமாக ஓடும் நெடுஞ்சாலையில், தனி லேன் இல்லாமல் மீடியனை உடைத்துவிட்ட இடைவெளிகளை அதே வரிசையில் வைக்க முடியாது.

கண்ணை நம்ப முடியாதென்றால் எண்ணிக்கையை நம்பலாம். காத்திருக்கும்போது எதிர்ச்சாலையில் தூரத்தில் ஒரு விளக்குக் கம்பத்தையோ புளியமரத்தையோ குறித்துக்கொள்ளுங்கள். ஒரு வண்டி அதைக் கடந்ததிலிருந்து உங்களை அடையும்வரை விநாடிகளை எண்ணுங்கள். எட்டுக்கும் மேல் வந்தால் அது நல்ல குறி. திரும்ப ஆறு, நிமிர்ந்த பின் வேகம் எடுக்க இரண்டு. அந்தக் குறிக்கும் உங்களுக்கும் இடையே ஒரு வண்டியும், முக்கியமாக ஒரு பைக்கும் இல்லாதபோது திரும்புங்கள். எட்டு விநாடித் தூரம் கண்ணுக்கு எட்டாத இடமாக இருந்தால், அடுத்த இடைவெளிவரை ஓட்டிச் சென்றுவிடுங்கள்.