ஸ்கோர் ஷீட்டில் சைபர், என் நோட்டில் மூன்று டிக்

போன வசந்த காலத்தில் ஒரு சனிக்கிழமை. டாலஸுக்கு வடக்கே ஒரு பூங்கா மைதானத்தில் 11, 12 வயதுப் பிள்ளைகளின் பேஸ்பால் ஆட்டம். என்னிடம் பேட்டிங் கற்றுக்கொள்ளும் பையன் ஒருவன் மூன்று முறை பிளேட்டுக்கு, அதாவது பேட்டிங் செய்யும் இடத்துக்கு, போனான், மூன்று முறையும் அவுட். முதல் தடவை ஒன்பது பந்து தாக்குப்பிடித்து, கடைசிப் பந்தைச் சுளீரென்று அடித்தான். அது நேராக ஷார்ட்ஸ்டாப் என்ற ஃபீல்டரின் கையுறைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. இரண்டாவது தடவை யாரும் அவுட்டாகவில்லை, இரண்டாம் பேஸில் (ரன் எடுக்க ஓடிச் சேர வேண்டிய நான்கு இடங்களில் இரண்டாவது) ஒரு நண்பன். பந்தை வலது பக்கமாகத் தட்டி அவனை மூன்றாம் பேஸுக்கு நகர்த்திவிட்டு இவன் அவுட்டானான். மூன்றாவது தடவை சென்டர் ஃபீல்டில் வேலி ஓரம் கேட்ச். ஆட்டம் முடிந்து பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தவனிடம் அப்பா கேட்ட முதல் கேள்வி, "என்னடா, இன்னைக்கும் சைபரா?"

அவரைக் குறை சொல்ல மாட்டேன். நாமெல்லாம் கிரிக்கெட் ஸ்கோர் கேட்டு வளர்ந்தவர்கள். எத்தனை ரன் என்பதற்குப் பதில் தெரிந்துவிட்டால் பாதி ஆட்டம் புரிந்த மாதிரி. பேஸ்பாலில் அந்த இடத்தில் ஹிட்டை, அதாவது பந்தை அடித்து அவுட்டாகாமல் பேஸைச் சேர்வதை, வைத்துவிடுகிறோம். பத்து வருடமாக இங்கே பிள்ளைகளுக்குப் பேட்டிங் சொல்லிக்கொடுத்துப் பார்த்ததில், வீட்டுக்குப் போகும் காரில் கேட்கப்படும் அந்த ஒரு கேள்வி, நான் வாரம் முழுக்கச் சொல்லிக்கொடுத்ததை அழித்துவிடுகிறது.

பேட்டிங் ஆவரேஜ் என்பது ஹிட்டை அட்-பேட்டால் வகுத்தால் வருவது. மட்டையின் நுனியில் பட்டு, ஓடிவந்த இரண்டு ஃபீல்டர்களுக்கு நடுவே பொத்தென்று விழுந்த பந்துக்கு ஒரு ஹிட். துப்பாக்கிக் குண்டு மாதிரி போய் ஒருவன் கையில் மாட்டிய பந்துக்குச் சைபர். மூன்று பந்தையும் காற்றில் வீசி வெளியே வந்தவனுக்கும் அதே சைபர். அப்புறம் வாக் வாங்கி (அடிக்க வாகில்லாத இடத்தில் வந்த நான்கு பந்தை, அதாவது நான்கு 'பால்', வீசாமல் விட்டால் கிடைப்பது) பேஸுக்குப் போனால் அந்தக் கணக்கில் அது இடமே பெறாது. பிளேட் அப்பியரன்ஸ் என்றால் பிளேட்டுக்குப் போன எல்லாத் தடவையும். அட்-பேட் என்பது அதில் வாக், உடம்பில் பந்து பட்டது, சாக்ரிஃபைஸ் (ஆளை நகர்த்தவென்றே பந்தைத் தட்டி வைத்து அவுட்டாவது போன்றவை) எல்லாவற்றையும் கழித்தபின் மிஞ்சுவது. 1941இல் டெட் வில்லியம்ஸ் .406 அடித்தார் என்று இன்றுவரை பேசுகிறார்கள். அந்த வருடம் அவர் பிளேட்டுக்குப் போனது 606 தடவை, அட்-பேட் 456, ஹிட் 185. நடுவில் 147 வாக். அதையும் சேர்த்துப் பார்த்தால் மனிதர் போன தடவைகளில் பாதிக்கு மேல் பேஸுக்குப் போயிருக்கிறார். என்னைக் கேட்டால் .406ஐவிட இதுதான் வாயைப் பிளக்க வைக்கும் விஷயம். இப்போது நிலைமை எப்படி என்றால், 2022இல் மேஜர் லீக் முழுவதற்குமான ஆவரேஜ் .243. உலகத்திலேயே சிறந்தவர்களுக்கே நான்கு அட்-பேட்டில் ஒரு ஹிட்கூட முழுசாக வரவில்லை. நம் வீட்டுப் பையனுக்கு ஒரு சனிக்கிழமை சைபர் என்றால் என்ன வந்துவிட்டது?

முடிவை வைத்து மட்டும் ஒரு தடவையை எடைபோட முடியாது என்பதற்கு நான் பெற்றோர்களிடம் மூன்று ஆட்டக்காரர்களைச் சொல்வேன். 1998இல் ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸின் ரிக்கி குட்டியெரஸ், பார்ட்டோலோ கொலோன் என்ற பிட்சரிடம் (பந்து போடுபவர்) 20 பந்து நின்றார். முடிவில் ஸ்ட்ரைக் அவுட், அதாவது மூன்று ஸ்ட்ரைக் (வீசித் தவறவிட்ட பந்து, அல்லது அடிக்க வாகாக வந்தும் விட்ட பந்து) விழுந்து அவுட். 2004 மே 12இல் டாட்ஜர்ஸின் அலெக்ஸ் கோரா, சிகாகோ கப்ஸின் மேட் கிளெமென்ட் போட்ட 14 பந்துகளை வரிசையாக ஃபௌல் (கோட்டுக்கு வெளியே) அடித்துவிட்டு, 18ஆவது பந்தை ஹோம் ரன்னுக்குத் தூக்கினார். 2018 ஏப்ரல் 22, அனஹைம். ஜயன்ட்ஸின் பிராண்டன் பெல்ட்டுக்கு ஏஞ்சல்ஸின் புதுமுகம் ஹைமே பாரியா 21 பந்து போட வேண்டியிருந்தது. பந்துகளின் எண்ணிக்கை முறையாகப் பதிவாகத் தொடங்கிய 1988க்குப் பிறகு அதுதான் மிக நீளம். 16 ஃபௌல். ஏறக்குறைய 13 நிமிடம் ஓடிய அந்தப் போராட்டம் வலது ஃபீல்டில் சாதாரணமான ஒரு கேட்ச்சில் முடிந்தது.

ஸ்ட்ரைக் அவுட், ஹோம் ரன், கேட்ச். முடிவு மூன்று விதம், மூன்று பேரும் செய்த வேலை ஒன்றேதான். பெல்ட் அவுட்டானார் என்பது சரி, ஆனால் அது முதல் இன்னிங்ஸ். அந்த ஒரே ஆளுக்கு 21 பந்து செலவழித்த பிட்சரின் தோளுக்கு அதற்கப்புறம் என்ன மிச்சம் இருக்கும்?

பிள்ளைகள் ஆட்டத்தில் இது இன்னும் பெரிய விஷயம். லிட்டில் லீக் விதிப்படி 11, 12 வயதுப் பிட்சர் ஒரு நாளைக்கு 85 பந்துதான் போடலாம், 9, 10 வயதென்றால் 75. பிஞ்சுத் தோள் கெட்டுப்போகக் கூடாது என்பதற்காக வைத்த வரம்பு. நம் பையன் முதல் தடவையே ஒன்பது பந்து இழுத்தான் என்றால், எதிரணியின் நல்ல பிட்சருடைய அன்றைய கணக்கில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தனியாளாகத் தின்றுவிட்டான். ஐந்தாவது இன்னிங்ஸில் அந்தப் பிட்சர் போய் அடுத்தவன் வந்ததும் இவன் நண்பர்கள் வெளுத்து வாங்கினார்கள். ஸ்கோர் ஷீட்டில் அது அவர்கள் பெயரில் ஏறியது.

கிரிக்கெட் பார்த்தவர்களுக்கு இது புரியாத சங்கதியே இல்லை. 2021இல் பிரிஸ்பேனில் புஜாரா உடம்பெல்லாம் அடி வாங்கிக்கொண்டு 211 பந்தில் 56 ரன் எடுத்தார். 56 தானா என்று யாராவது கேட்டோமா?

சரி, ஹிட் வேண்டாம் என்றால் எதைப் பார்ப்பது? இங்கே நிறையப் பயிற்சியாளர்கள் 'குவாலிட்டி அட்-பேட்' என்று ஒரு கணக்கு வைத்திருப்பார்கள். ஆறு பந்துக்கு மேல் நின்றால் ஒரு டிக், பந்தை வேகமாக அடித்தால் டிக், வாக் வாங்கினால் டிக், ஆளை நகர்த்தினால் டிக். ஆளுக்கு ஆள் பட்டியல் கொஞ்சம் மாறும். நானும் இரண்டு சீசன் அந்த நோட்டோடு பெவிலியனில் உட்கார்ந்திருந்தேன். தலைப்பில் சொன்ன மூன்று டிக் அதில் விழுந்தவைதான். அதே நோட்டை நம்பி நான் ஒரு பிள்ளையைக் கெடுத்தும் இருக்கிறேன்.

ஒன்பது வயதுப் பையன். அந்த வயதுப் பிட்சர்களில் பலரால் மூன்று ஸ்ட்ரைக் ஒழுங்காகப் போட முடியாது. பேசாமல் நின்றாலே வாக் கிடைக்கும். இவன் தோளிலிருந்து மட்டையை எடுக்காமலே ஆட்டத்துக்கு இரண்டு மூன்று வாக் வாங்கினான். நானும் டிக் மேல் டிக் போட்டேன், அணியில் அவனுக்குத்தான் அதிக டிக். அவன் அம்மா அந்தத் தாளைப் படம் பிடித்து ஊருக்கு அனுப்பினார். அடுத்த வருடம் பிட்சர்கள் ஒரு வயது வளர்ந்தார்கள், பந்து பிளேட்டுக்கு நடுவே வரத் தொடங்கியது. இவன் நின்றுகொண்டே இருந்தான். நடுவில் வரும் பந்தைப் பார்த்துக்கொண்டே அவுட். நிற்பதற்குத்தான் பாராட்டு என்று அவனுக்குக் கற்றுக்கொடுத்தது நான். அந்தச் சீசன் பாதியிலேயே அவன் ஆட்டத்தை விட்டுவிட்டான்.

யோசித்துப் பார்த்தால் என் டிக்கும் முடிவுக்குப் போட்ட டிக்தான், ஹிட் என்ற பெயர்தான் இல்லை. அதனால் இப்போது முடிவைக் கடைசியில் எழுதுகிறேன். முதலில் எழுதுவது, எந்தக் கவுன்ட்டில் எந்தப் பந்துக்கு மட்டையை வீசினான், எதை விட்டான் என்பதை. 2-0, 3-1 என்று (முதல் எண் பால், அடுத்தது ஸ்ட்ரைக்; இதுதான் கவுன்ட்) பிட்சர் பின்தங்கியிருக்கும்போது அவன் ஸ்ட்ரைக் போட்டே ஆக வேண்டும். அப்போது நமக்குப் பிடித்த இடத்தில் வரும் பந்தை விட்டால் அது என் நோட்டில் தப்பு, பின்னால் வாக் கிடைத்தாலும் தப்புதான். அதே பந்தை ஓங்கி அடித்துக் கேட்ச் ஆனால் நல்லது. முதல் பந்திலேயே அவுட்டானாலும் நல்ல தடவையாக இருக்கலாம். எட்டுப் பந்து நின்று, அடிக்க வேண்டிய இரண்டை ஃபௌலாக்கி, கடைசியில் கண்ணுக்கு மேலே போன பந்தைத் துரத்தியது அவ்வளவு நல்லது இல்லை. இரண்டு ஸ்ட்ரைக் விழுந்தபின் வேறு மனநிலை வேண்டும். மட்டையைக் கொஞ்சம் மேலே பிடித்து, சந்தேகமான பந்தை ஃபௌலாகவாவது தட்டிவிட வேண்டும். அதற்குமேல் ஃபௌல் ஸ்ட்ரைக்காகக் கணக்கில் வராது (மட்டையை வீசாமல் பந்தைத் தட்டி வைக்கும் பன்ட் மட்டும் விதிவிலக்கு). பெல்ட்டும் கோராவும் பிழைத்தது இந்த விதியால்தான்.

இதற்கெல்லாம் கிடைக்கும் நேரம் கண் சிமிட்டும் நேரம். 46 அடியிலிருந்து 60 மைல் வேகத்தில் வரும் பந்துக்கு அரை நொடி. அதனால் எல்லா முடிவும் சரியாக வரும் என்று நானும் எதிர்பார்ப்பதில்லை. கண்டபடி வீசினாலும் அடிக்கலாமே என்று விளாடிமிர் குரேரோவைக் காட்டும் அப்பாக்கள் உண்டு. உண்மைதான், தரையில் குத்தி வந்த பந்தையே அடித்தவர், ஆவரேஜ் .318, 449 ஹோம் ரன். அந்தக் கைகள் உங்கள் வீட்டில் இருந்தால் என்னிடம் அனுப்ப வேண்டியதே இல்லை.

வேகமாக அடித்தானா என்பதை அளக்கப் பெரிய லீக்கில் 2015 முதல் ஸ்டாட்காஸ்ட் இருக்கிறது, 95 மைலுக்கு மேல் போனால் 'ஹார்ட் ஹிட்'. பூங்கா மைதானத்தில் எனக்குக் காதுதான். மட்டையின் சத்தமே சொல்லிவிடும்.

வீட்டிலிருப்பவர்களுக்கு நோட்டெல்லாம் வேண்டாம். பிள்ளையிடம், "உனக்கு என்னென்ன பந்து போட்டான்?" என்று கேளுங்கள். வரிசையாகச் சொல்ல முடிகிறது என்றால் அவன் அங்கே கண்ணைத் திறந்துகொண்டு நின்றிருக்கிறான். அன்றைக்கு அந்த அப்பா முன்னாலேயே பையனிடம் கேட்டேன். அவன் பையைக் கீழே வைத்துவிட்டு விரல் விட்டு எண்ண ஆரம்பித்தான். "முதல் ரெண்டும் வெளியே, விட்டுட்டேன். மூணாவது நடுவுல வந்துச்சு, அடிச்சிருக்கணும் கோச், லேட்டாயிட்டேன். ஆறாவது சேஞ்ச்அப், மெதுவா வந்துச்சு, ஏமாந்துட்டேன், நல்ல வேளை ஃபௌல். எட்டாவது முழங்காலுக்குக் கீழே..."

"கீழே எல்லாம் இல்லடா, அது ஸ்ட்ரைக்" என்றார் அப்பா.

"இல்லப்பா, பால்!"

கார் நிறுத்துமிடம் வரை இருவரும் அந்த எட்டாவது பந்தைப் பற்றியே சண்டை போட்டுக்கொண்டு போனார்கள்.